கொலுசு மார்க்கை உன் கையில் கொடுக்கும் முன்

பியூலா, இதைப் படிக்க உட்காரும்போது டேனியல் பக்கத்தில் இருந்தால் அவரையும் உட்கார வைத்துக்கொள். இன்னும் ஐந்து வாரத்தில் இந்த வீட்டு மாப்பிள்ளை ஆகப் போகிறவர். அவருடைய மாமனார் எப்பேர்ப்பட்ட ஆள் என்பது கல்யாணத்துக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுவது நல்லது.

நீ கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய பார்சல் வந்து பதினோரு நாளாகிவிட்டது. புதுப் பெட்டியின் மாதிரியைப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் சுத்தம் செய்த உன் ஒரு வயது போட்டோ, காலில் கொலுசு, கீழே நல்ல தடித்த எழுத்தில் ‘கொலுசு மார்க் கம்பி மத்தாப்பு’. கூடவே ஒரு பத்திரம். மார்க்கை உங்கள் இருவர் பெயருக்கும் மாற்றித் தர நான் கையெழுத்துப் போட வேண்டும். நாலு தடவை போன் செய்து பிடித்திருக்கிறதா என்று கேட்டாய். பிடித்திருக்கிறது என்றேன். அப்போ கையெழுத்து என்றாய். பார்ப்போம் என்றேன். பெண் பிள்ளைக்குக் கொடுக்க அப்பாவுக்கு மனசில்லை என்று நீ அழுததாக அம்மா சொன்னாள். அது காரணமில்லை, தாயி. நீ பார்சலில் வைத்திருந்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. ‘நாம பேக்டரி நடத்தணும்னு அவசியமே இல்லப்பா, நல்ல யூனிட்டாப் பார்த்துச் சரக்கு வாங்கி நம்ம பெட்டியில போட்டாப் போதும், இந்தக் காலத்துல பிராண்டுதான் எல்லாம்’ என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது வருஷமாக உன்னிடம் மறைத்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் அந்தப் பத்திரத்தில் நான் பேனா வைக்கக் கூடாது. போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிராண்டுதான் எல்லாம் என்று நீ எழுதியதில் எனக்குத் தகராறு கிடையாது. நீ பிறப்பதற்கு முந்தின தீபாவளிக்கே மதுரையில் ஒரு கடைக்காரம்மா அதை எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அப்போது சிவகாசியை அடுத்த நாரணாபுரத்துப் பக்கம் சின்ன யூனிட் போட்டு, ஒரு பெரிய கம்பெனிக்குக் கம்பி மத்தாப்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சரக்கு என்னுடையது, பெட்டி அவர்களுடையது. நீ வயிற்றில் இருந்தாய். அம்மாவுக்குச் சேலை எடுக்கப் போன இடத்தில் ஒரு வெடிக்கடை முன்னால் நின்றோம். மத்தாப்பைக் கையில் எடுத்ததுமே அது என் சரக்கு என்று தெரிந்துவிட்டது. எங்கள் கம்பி வெட்டுகிற மெஷின் பழசு. நுனி கொஞ்சம் சாய்வாக வெட்டுப்படும். கடைக்காரம்மா, “கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்கண்ணே. இந்தக் கம்பெனிப் பெட்டியில அஞ்சு வருசமா ஒரு புகாரு வந்ததில்ல” என்றார். அந்த ஐந்து வருஷமும் கம்பியை மருந்தில் முக்கி வெயிலில் காயப் போட்டவன் நான். மத்தாப்பைப் பெட்டியில் திரும்ப வைத்தேன். வெளியே வந்ததும் அம்மா, “நாங்கதான் செய்யுறோம்னு சொல்ல வேண்டியதுதான” என்றாள். “சொன்னா நம்புவாகளா” என்றேன். அடுத்த சீசனில் அந்தக் கம்பெனி வேறொருவரிடம் சரக்கு எடுக்க ஆரம்பித்தது. அதை எனக்கு முறையாகச் சொல்லக்கூட இல்லை. லோடு ஏற்ற வருகிற டிரைவர்தான், “இனிமே ஒங்ககிட்ட வேணாமாம் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நின்றுபோனது ஒரு கடைக்குக்கூடத் தெரியவில்லை. பெயர் இல்லாமல் தொழில் செய்கிறவன் இருக்கிறபோதும் இல்லை, இல்லாதபோதும் இல்லை. இதைச் சின்னத் தொழில் செய்கிற யார் கேட்டாலும் சொல்லு.

அதன் பிறகுதான் சொந்த லேபிள் போடத் துணிந்தேன். சிவகாசியில் அச்சகத்துக்கா பஞ்சம். மயில், சிங்கம், தாமரை, ராக்கெட் என்று நான் சொன்னதெல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய மார்க்காக இருந்தது. அச்சகக்காரர் சலித்துப்போய், “பேசாம ஒங்க பிள்ளை போட்டோவப் போடுங்க, அது ஒங்களத் தவிர யாருகிட்டயும் இருக்காது” என்றார். ஸ்டுடியோவில் நீ அழுத அழுகையில் போட்டோக்காரர் ஒரு பிலிமை வீணாக்கினார். அம்மா உன் காலைப் பிடித்து ஆட்ட, கொலுசுச் சத்தம் கேட்டு நீ குனிந்து பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்புத்தான் பெட்டியில் இருக்கிறது. நாலைந்து வருஷத்தில், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கடையில் வந்து ‘கொலுசு போட்ட பாப்பா பெட்டி’ என்று கேட்கத் தொடங்கினார்கள். சாத்தூர், இருக்கன்குடி, ராஜபாளையம், தென்காசி வரைக்கும் போனது.

ஆனால் உன் முகத்தைப் பெட்டியில் போட்ட நாளில்தான் எனக்குப் பயமும் பிடித்தது. அதற்கு முன்பு சரக்கு லாரியில் ஏறியதும் என் பொறுப்பு முடிந்தது என்று இருப்பேன். இப்போது எங்கேயோ ஒரு முற்றத்தில் ஒரு குழந்தை அந்தப் பெட்டியைப் பிரிக்கும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். காயப் போட்ட ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு மத்தாப்பை எடுத்து, தள்ளிப் போய் நானே கொளுத்திப் பார்ப்பேன். மருந்து உதிர்கிறதா, தெறிக்கிறதா, பாதியில் நிற்கிறதா என்று பார்ப்பேன். ஒன்று சரியில்லை என்றாலும் தட்டு முழுவதும் கழிவுக்குப் போகும். வேலை செய்கிற பெண்கள், “மொதலாளிக்குக் கை நடுங்குது” என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அந்த நடுக்கம் இருந்த வரைக்கும் கொலுசு மார்க் நன்றாக இருந்தது.

நீ ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் பெய்த மழை உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள் என்று சந்தோஷப்பட்டாய். எனக்கு அந்த மழை விஷம். கம்பி மத்தாப்புக்கு வெயில்தான் உயிர். ஒரு தடவை முக்கினால் நன்றாகக் காய வேண்டும், காய்ந்த பிறகுதான் அடுத்த தடவை முக்க வேண்டும். மூன்று வாரம் முற்றம் காயவே இல்லை. ஆர்டர் கொடுத்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக எஸ்.டி.டி. போட்டுக் கேட்டார்கள். ஒருவர், “இந்த வருசம் ஒங்க பெட்டி இல்லன்னா அந்த எடத்துல வேற பெட்டி வைக்கணும், வச்சா அடுத்த வருசம் எடுக்க முடியாது, தப்பா நெனைக்காதீக” என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் என்னை உலுக்கியது. பதிமூன்று வருஷமாகப் பிடித்து வைத்த இடம் ஒரு மழையில் போய்விடும் என்று பயந்தேன்.

அந்த நேரத்தில் தங்கராசு வந்தான். ஆலங்குளம் போகிற ரோட்டில் கொட்டகை போட்டு மத்தாப்பு செய்துகொண்டிருந்தவன். சொந்த மார்க் கிடையாது. “அண்ணாச்சி, எங்கிட்டச் சரக்கு இருக்கு. ஒங்ககிட்டப் பேரு இருக்கு. ஒங்க பெட்டிய மட்டும் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்” என்றான். நீ உன் கடிதத்தில் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைதான். நான் போய்ப் பார்க்காமல் கொடுத்துவிடவில்லை. போனேன். கொட்டகைக்குள் கூரைக்குக் கீழே சரக்கைக் காய வைத்திருந்தான். ஒரு மத்தாப்பை எடுத்து நகத்தால் தட்டினேன். மருந்து பொடியாக உதிராமல் துண்டாகக் கழன்று கையில் விழுந்தது. உள்ளே ஈரம் இருந்தால் அப்படித்தான் கழலும். “என்னப்பா இது” என்று கேட்டேன். “மழைதான அண்ணாச்சி. கடைக்குப் போறதுக்குள்ள காஞ்சிரும்” என்றான். பெட்டிக்குள் போட்டு மூடிய சரக்கு எப்படிக் காயும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையில் விழுந்த துண்டைக் கீழே தட்டிவிட்டு, அச்சகத்திலிருந்து வந்த பெட்டிக் கட்டுகளை அங்கேயே இறக்கச் சொல்லிவிட்டேன். ஒரு மத்தாப்பைக்கூடக் கொளுத்திப் பார்க்கவில்லை. கொளுத்தியிருந்தால் கொடுத்திருக்க முடியாது என்பதற்காகத்தான் கொளுத்தவில்லை.

தீபாவளி முடிந்து ஐந்தாம் நாள் காலையில் ஒருவர் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது நீ. பள்ளிக்கூட யூனிபாரத்தில் நின்றாய். அவர் கையில் ஒரு மஞ்சள் பை. உன்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, “இது நீதானா தாயி” என்று கேட்டார். “ஆமா, நான்தான்” என்று நீ பெருமையாகச் சொன்னது எனக்கு உள் அறை வரைக்கும் கேட்டது. நான் வெளியே வந்து, நேரமாயிற்று என்று உன்னை அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

அவர் பெயர் பரமசிவம். இருக்கன்குடிக்குப் பக்கத்துக் கிராமம். முன்பு காட்டு வேலை பார்த்தவர், பிறகு சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற வேலைக்குப் போனவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “எம்மவளுக்கு ஒம்போது வயசுங்க. மாரிச்செல்வின்னு பேரு. ஒங்க மத்தாப்பப் பிடிச்சிக்கிட்டு நின்னா. மருந்து கட்டியாக் கழண்டு நைலான் பாவாடையில விழுந்துருச்சு. தொடையெல்லாம் வெந்துபோச்சு. விருதுநகர் பெரியாஸ்பத்திரியில கெடக்கா” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. “சண்டைக்கு வரலைங்க. துட்டுக் கேட்டும் வரலை. நானும் மருந்துல வேலை பாக்குறவன், எதுனால கழலும்னு எனக்குத் தெரியும். ஒங்க பெட்டின்னாத் தைரியமாக் குடுக்கலாம்னுதான் பிள்ளை கையில குடுத்துட்டு நான் அங்கிட்டுத் திரும்பி நின்னேன். ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

பியூலா, அந்த நிமிஷத்தில் என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். “இது எங்க சரக்கு இல்ல. எவனோ எங்க லேபிளக் கள்ளத்தனமா அச்சடிச்சு ஒட்டியிருக்கான்” என்றேன். இந்த ஊரில் போலி லேபிள் என்றால் யாரும் நம்புவார்கள். அவரும் நம்பினார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்படியா. அப்பச் சரிங்க. ஒங்க பேரக் கெடுக்குறானுக. பாத்துக்கிடுங்க” என்று சொல்லி, பெட்டியை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிப் போய்விட்டார். மகளை வெந்த உடம்போடு ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிற மனுஷன் என் பெயருக்காகக் கவலைப்பட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்த பயத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் போலீஸ் என்று நினைப்பேன். தபால்காரர் வந்தால் லைசென்சைப் பிடுங்குகிற உத்தரவு என்று நினைப்பேன். சபையில் உபதேசியார் என் பக்கம் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைப்பேன். தங்கராசுவிடம் போய்க் கேட்டேன். அவன் பாக்கு மென்றுகொண்டே, “எந்தப் பெட்டியிலயாவது எம்பேரு இருக்கா அண்ணாச்சி? எங்கன இருக்கு, காட்டுங்க” என்றான். அவன் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. கடையில் என் பெயரை நம்பி வாங்கினார்கள். அடி விழுந்தால் அதே பெயரைத் தேடித்தான் வருவார்கள். அவன் சரக்கு எதுவென்று கேட்டு எவரும் அவன் கொட்டகைக்குப் போகப் போவதில்லை.

அம்மா அப்போது அந்த ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ், தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தாள் என்பது உனக்குத் தெரியும். தீக்காய வார்டில் ஒரு பிள்ளை கிடக்கிறது, அதன் கட்டிலுக்கு அடியில் நம் பெட்டி இருக்கிறது, அது நம் சரக்கா என்று கேட்டாள். போலி என்றேன். “அப்படியா” என்று சொல்லிச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். மூன்று நாள் கழித்து, நீ டியூஷனுக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டுப் பரணில் கிடந்த பெட்டிக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். “இந்த ஓரத்துல பச்சை மை வழிஞ்சிருக்கு, பாத்தீகளா. இந்த வருசம் அச்சுல வந்த கோளாறுன்னு நீங்கதான் சொன்னீக. அந்தப் பிள்ளை கட்டிலுக்கு அடியில இருக்குற பெட்டியிலயும் இதே எடத்துல வழிஞ்சிருக்கு” என்றாள். அவள் சத்தம் போடவில்லை. “நாளைக்குக் காலையில அதுக்கு நான்தான் கட்டு மாத்தணும். கட்டுப் பிரிக்கும்போது அது எங்கையப் பிடிச்சிக்கிடும். அதுகிட்ட என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க” என்றாள்.

மறுநாள் அவள் போன அதே பஸ்ஸில் நானும் போனேன். வழியெல்லாம் இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். திருத்தங்கலில் ஒருமுறை எழுந்தே விட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், என்னைத் தடுக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தேன். வார்டு வராந்தாவில் பரமசிவம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, “ஆளப் பிடிச்சிட்டீகளா” என்று கேட்டார். போலி அடித்தவனைப் பிடித்துவிட்டேனா என்று கேட்கிறார். “அது போலி இல்ல. அது எம்பெட்டிதான். சரக்க வேற ஆளுகிட்ட வாங்கினேன். ஈரமா இருந்துச்சு. தெரிஞ்சேதான் அனுப்பினேன்” என்றேன். அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகம் வேறு விதமாக மாறியது. அவரும் பயந்துவிட்டார்.

“அய்யா, நான் ஊருக்குப் போயி எல்லாருகிட்டயும் சொல்லிட்டேனே. ‘கம்பெனிக்காரரு நல்ல மனுசன், நேர்ல பாத்துட்டேன், எனக்கு வந்தது போலி, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது’ன்னு சொல்லிட்டேனே. கார்த்திகைக்கு வச்சிருக்காக அம்புட்டு வீட்லயும்” என்றார்.

திருக்கார்த்திகைக்கு அன்றைக்கு ஆறு நாள் இருந்தது. தீபாவளிக்கு வாங்கியதில் மிச்சம் வைத்து, கார்த்திகைக்கு விளக்கேற்றிவிட்டுப் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்துகிற வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அந்த வராந்தாவுக்கு வரும் வரைக்கும் போலீஸுக்கும் லைசென்ஸுக்கும் பயந்துகொண்டிருந்தவனுக்கு அப்போதுதான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. உள்ளே போய் மாரிச்செல்வியைப் பார்த்தேன். கொசுவலைக்குள் படுத்திருந்தாள். நான் யார் என்று அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லத் திராணியில்லை.

அந்த ஆறு நாளும் நான் சரக்கு வேன் எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனேன். அப்பா வசூலுக்குப் போயிருக்கிறார் என்று உனக்குச் சொல்லப்பட்டது. யூனிட்டில் வேலை செய்த பெண்களும் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து போனார்கள். தங்கராசு சரக்கு எந்தெந்த ஊருக்குப் போனது என்று முழுசாகத் தெரியாது. போனது என்று தெரிந்த ஊரில் கிடைத்த பெட்டியையெல்லாம் திரும்ப வாங்கினோம். கடையில் இருந்தது சுலபம். வீட்டுக்குப் போனது கஷ்டம். பரமசிவத்தின் ஊரில் அவரே என் கூட வந்தார். வரச் சொல்லிக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை, அவராக வந்தார். மகள் பக்கத்தில் மனைவியை வைத்துவிட்டு, வீடு வீடாக என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். ஒரு வீட்டில் ஒரு பெண் பெட்டியைக் கொடுக்க மாட்டேன் என்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. “பாப்பா படம் போட்டதுதானங்க. எங்கப்பா வீட்லயும் இதத்தான் வாங்குவாக. இதுல ஒண்ணும் ஆகாது” என்றாள். “ஆகும்மா” என்றேன். “நான்தான் அந்தக் கம்பெனிக்காரன். அந்தப் படத்துல இருக்குறது எம்மக. நான் சொல்லுதேன், படத்த நம்பாதீக. குடுத்துருங்க.” அவள் என்னையும் பரமசிவத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் மூன்று பெட்டி கொண்டுவந்து வேனில் போடாமல் தரையில் வைத்தாள். பதிமூன்று வருஷம் நம்பு நம்பு என்று ஊர் ஊராகச் சொல்லி விற்ற படத்தை, நம்பாதே என்று என் வாயாலேயே சொன்னேன். அந்தத் தெருவில் மட்டும் பதினாறு வீட்டில் சொன்னேன்.

கார்த்திகை அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் நீ மெழுகுவர்த்தி கேட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாய். நான் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கேயோ ஒரு குழந்தை வீறிட்டுக் கத்தினால்கூட எழுந்து வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். போன் அடிக்கவில்லை. அதற்குப் பிறகும் அடிக்கவில்லை. அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று அர்த்தமா, ஆனவர்கள் எனக்குச் சொல்லவில்லை என்று அர்த்தமா? எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. திரும்ப வராத பெட்டிகள் இருந்தன. அவை எங்கே எரிந்தன என்று தெரியாது. இந்தத் தெரியாததோடுதான் ஒன்பது வருஷமாக இருக்கிறேன்.

மாரிச்செல்வி இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போனாள். தொடையில் தோல் சுருங்கியதில் ஒரு கால் கொஞ்சம் இழுத்து நடப்பாள். ஆஸ்பத்திரிச் செலவையும் அவள் படிப்பையும் நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டோம். பரமசிவம் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. இரண்டுமே நியாயம். இப்போது அவள் சாத்தூரில் டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நீளமான பாவாடை தவிர வேறு உடுத்துவதில்லை என்று அவளுடைய அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். வரும்போது பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷத்தோடு கொலுசு மார்க்கை நிறுத்தினேன். தொழில் மந்தம் என்று உன்னிடம் சொன்னேன். மறுபடி அடுத்தவர் பெட்டிக்குச் சரக்குச் செய்துகொடுக்கப் போனேன். பெயர் இல்லாவிட்டால் பயமும் இல்லை என்று நினைத்தேன். அதுவும் பொய்யாகப் போயிற்று. போன வருஷம் இருக்கன்குடியில் கோயில் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுபிடித்து நிறுத்தினார். “நீங்க கொலுசுப் பெட்டிக்காரருல்ல? வித்த சரக்கத் திரும்ப வாங்கிட்டுப் போன ஒரே ஆளு நீங்கதான். திரும்பப் போட்டீகன்னா எனக்குக் குடுங்க” என்றார். என் வாழ்நாளில் செய்த மிகக் கேவலமான காரியத்தின் வாலை மட்டும் பார்த்துவிட்டு அவர் என்னை நல்லவன் என்கிறார். அவரைத் திருத்தவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. ஜனங்கள் ஒரு பெயரை மறப்பதே இல்லை. நல்லதுக்கும் மறப்பதில்லை, கெட்டதுக்கும் மறப்பதில்லை. அதனால்தான் உன்னைப் போலச் சின்னதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பெயர் அவ்வளவு அவசியம். அதனால்தான் எனக்கு இவ்வளவு பயம்.

டேனியல் உன்னைவிடக் கணக்கில் கெட்டி, நீ அவரைவிடப் பேச்சில் கெட்டி. இரண்டு பேரும் சேர்ந்தால் இந்தப் பெட்டியை நான் கொண்டுபோகாத ஊருக்கெல்லாம் கொண்டுபோவீர்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பெயர் ஓடத் தொடங்கினால் சரக்கு பத்தாது. பத்தாதபோது தங்கராசு வருவான். வேறு பெயரில், வேறு சட்டையில், நல்ல இங்கிலீஷ் பேசிக்கொண்டு வருவான். அவனைத் துரத்துவதற்குப் பெரிய நேர்மை ஒன்றும் வேண்டாம். ‘இந்த வருஷம் எங்களிடம் சரக்கு இல்லை’ என்று ஒரு கடைக்காரரிடம் சொல்கிற தைரியம் போதும். எனக்கு அது இல்லாமல் போயிற்று. வெளியே சரக்கு வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்கினால் நீ போய் அங்கே நில். எவருடைய யூனிட்டாக இருந்தாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், தட்டுக்கு ஒன்று எடுத்து உன் கையால் கொளுத்திப் பார். முடியாத வருஷம் கடையில் உன் இடம் காலியாகவே இருக்கட்டும்.

படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உன் முகத்தை உன்னைக் கேட்காமல் போட்டவன் நான். ஒரு வயதுப் பிள்ளையிடம் எங்கே கேட்பது. இப்போது உன்னைக் கேட்கிற வயதில் இருக்கிறாய், எல்லாம் தெரிந்தபின் சொல். அது வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துவிடு, நான் வருத்தப்பட மாட்டேன். இருக்கட்டும் என்று தோன்றினால், மாரிச்செல்வியை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு அதன் பிறகு அச்சுக்குக் கொடு. உன்னைவிட ஐந்து வயது இளையவள். கல்யாணப் பத்திரிகை வைக்கிற சாக்கில் போகலாம். நான் வர வேண்டும் என்றால் வருகிறேன், வர வேண்டாம் என்றால் இருந்துகொள்கிறேன். நீ இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு என்னை எப்படிப் பார்ப்பாய் என்பதும் எனக்கு ஒரு பயம்தான். ‘அவ படிக்கட்டும், படிச்சிட்டு ரெண்டு நாளு போன் எடுக்கலன்னாலும் பொறுத்துக்கிடுங்க’ என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பொறுத்துக்கொள்கிறேன்.

பத்திரத்தில் இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அதே கவரில் வருகிறது. ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறேன். பெட்டியின் பின்பக்கம் உங்கள் கம்பெனி விலாசம் போட இடம் விட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, ‘குறை இருந்தால் பேசுங்கள்’ என்று எழுதி, என் செல்போன் நம்பரைப் பெரிய எழுத்தில் போடு. நான் இருக்கிற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு கார்த்திகைக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடிக்கிறபோதெல்லாம் பயமாகத்தான் இருக்கும், அது இனி மாறப்போவதில்லை. ஆனாலும் எடுத்து, நான்தான் பேசுகிறேன், சொல்லுங்க என்பேன்.

உன் அப்பா